பொட்டு வைத்த தோட்டா

என்னோடு அந்த மலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களே, உங்களில் யாராவது இன்னமும் அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம் ஹட்டனில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார். நம் வயதுக்காரர்தான், தலை முழுக்க நரைத்துவிட்டது. “ஒங்க மாமாவுக்குக் காலு போன கதை ஞாபகம் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே ஒரு சிரிப்பு. நான் பாதி இலையோடு எழுந்து கை கழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. உங்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. மீதியை நான் சொல்கிறேன், அப்புறமும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். என் அப்பாதான் தோட்டத்துத் துவக்குக்காரர். காலையில் எல்லோரையும் போல, வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவார். வேலை முடிந்ததும் தோட்டம் கொடுத்த ஒற்றைக் குழல் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டோரம் போவார். அங்கேதான் நம் ஆட்கள் மரக்கறி பயிரிட்ட நிலத் துண்டுகள் இருந்தன. பன்றிக் கூட்டம் ஒரு தடவை இறங்கினால் போதும், ஒரு குடும்பத்தின் உருளைக்கிழங்கு மொத்தமும் போய்விடும். அரிசிக்கே நாம் அல்லாடிய காலம் அது. அந்தக் கிழங்கு போனால் பிள்ளைகள் பட்டினி, அவ்வளவுதான் கணக்கு.

அரிசி கிடைக்காத ஊரில் புதுத் தோட்டா எங்கே கிடைக்கும்? தோட்டத்துத் துரை ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களாப் புல்வெளியில் தகர மூடிகளைக் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டுப் பழகுவார். அவர் சுட்டுப் போட்ட வெற்றுத் தோட்டாக்களை அப்பா பொறுக்கிக்கொண்டு வருவார். பித்தளை அடி, பச்சைக் காகித உடம்பு. வாயோரம் வைத்து ஊதினால் ரயில் கூவுகிற மாதிரி வரும், மூக்கில் வைத்தால் தீபாவளி வாசம் வரும். அதற்காக நாம் வாசல் சாக்கடைக் கானில் விழுந்து புரண்டு அடித்துக்கொண்டோமே, மறந்துவிட்டீர்களா? பிய்ந்தவைதான் நமக்கு. நல்லவற்றை அப்பா மறுபடி நிரப்புவார்.

நிரப்புகிற நாளில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்பு எரியாது. தண்ணீர் ஊற்றி அணைத்து, சாம்பலையும் வெளியே கொட்டிய பிறகுதான் வெடிமருந்து டின்னை இறக்குவார். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரும் பழைய ரொட்டியும்தான். அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

“பன்னிக்குப் பயந்து அடுப்ப அணைச்ச வீடு நம்ம வீடு ஒண்ணுதாங்க.”

“வாய மூடிக்கிட்டு அங்கிட்டு உக்காரு. ஒரு பொறி விழுந்துச்சுன்னா கூரையத் தேடி நோர்வூட் டவுனுக்குத்தான் போகணும்” என்பார் அப்பா. அவர் சொன்னால் பயமாகத்தான் இருக்கும். அவருடைய இடது கைப் பெருவிரலில் பாதி இல்லை. பழைய தோட்டா ஒன்றின் அடியில் தீப்பொறி தருகிற கேப்பு வைக்கும்போது அது கையிலேயே வெடித்துவிட்டது. நகமும் சதையும் சுவரில் ஒட்டியிருந்ததை அம்மா துணியால் துடைத்தாளாம். அதற்காக அவர் அந்த வேலையை விட்டுவிடவில்லை, விட்டால் துவக்கை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள்.

பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டியிருந்த ஈயத் தாளைக் கிழித்து, லயத்துக்குப் பின்னால் உருக்கி, அதில்தான் குண்டு செய்தார். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வைக்கிற தக்கைக்கு நைந்துபோன கம்பளி. மழைக்கு நாம் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவோமே, அதே கம்பளிதான். அதை வட்ட வட்டமாக வெட்டிக் கொடுப்பது என் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. கொழுந்து கிள்ளிப் பழகிய விரல், கத்தரிக்கோலைப் பிடித்தால் ஒரு வட்டம் கூடக் கோணாது.

தோட்டா இரண்டு வகை. ஒன்றில் குண்டு இருக்கும், அது பன்றிக்கு. இன்னொன்றில் மருந்தும் கம்பளியும் மட்டும், குண்டு கிடையாது. கூட்டத்தை விரட்ட அது போதும், ஈயமும் மிச்சம். அதைச் சத்தத் தோட்டா என்போம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் சத்தத் தோட்டாவின் வாயில் அம்மாவின் குங்குமச் சிமிழிலிருந்து ஒரு பொட்டு வைத்துவிடுவார் அப்பா. பொட்டு இருந்தால் வெறும் சத்தம், பொட்டு இல்லாவிட்டால் சாவு. அவருக்கு எழுத்து தெரியாது, அத்தைக்கும் தெரியாது. இந்தப் பொட்டு அந்த இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

பொட்டில்லாத தோட்டா என்ன செய்யும் என்பதை அந்த மழைக்காலத்தில் பார்த்தேன். மத்தியானம், பனி இறங்கியிருந்தது. தேயிலைக்குள் புகுந்துவிட்ட ஒரு கொம்பன் பன்றி, மறித்த நாயின் வயிற்றைக் கிழித்துவிட்டது. நாய் தன் குடலைத் தானே மிதித்துக்கொண்டு எங்கள் பக்கம் ஓடி வந்தது. அப்பா கிட்டத்தில் நின்று பன்றியைச் சுட்டார். அதன் ஒரு பக்க முகம் காணாமல் போயிற்று, அப்போதும் அது நாலு செடி தாண்டி ஓடித்தான் விழுந்தது. ஆண்கள் கவ்வாத்துக் கத்தியோடு பாய்ந்தார்கள். கம்பளி கருகிய நாற்றமும் ரத்த வாடையும் கலந்து அடித்தன. சாயங்காலம் லயம் முழுக்க இறைச்சி வெந்தது. நானும் தின்றேன், கடைவாயில் ஒரு ஈயக் குண்டு கடிபட்டது.

இனி மாமா. அத்தையின் புருஷன், எங்களுக்கு அடுத்த காம்பரா, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற வேலை. குடிக்காத நாளில் தங்கமான மனிதர் என்று ஊரே சொல்லும். நமக்கெல்லாம் சவுக்கு மரத்தில் பம்பரம் செதுக்கிக் கொடுத்ததும் அவர்தான். சம்பள நாளன்று சாராயக் கடைக்குப் போய்த் திரும்பினால் அத்தைக்கு அடி. முடியைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு இழுத்து வருவார். விறகுக் கட்டை, செருப்பு, சுடுதண்ணிக் கேத்தல், எது அகப்பட்டாலும் அதுதான். ஒரு தடவை கடைவாய்ப் பல் தெறித்து எங்கள் வாசலில் விழுந்தது. நான்தான் அதைப் பார்த்தேன், வெள்ளையாக, வேரோடு.

பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? யூனியன் தலைவர் வந்து, “குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், நீ கொஞ்சம் வாய அடக்கு ஆத்தா” என்று அத்தைக்குத்தான் புத்தி சொன்னார். கங்காணி, அது அவங்க வீட்டு விசயம் என்றார். என் அப்பாவிடம் மட்டும் ஒரு வைத்தியம் இருந்தது. துவக்கில் ஒரு சத்தத் தோட்டாவைப் போட்டுக்கொண்டு வெளியே வருவார்.

“டேய் மச்சான்! வுடுறியா, வெடி வைக்கட்டுமா?”

மாமா முடியை விட்டுவிட்டுக் கானோரம் ஓடுவார். குண்டு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். அதனால் அப்பா ஆகாயத்தைப் பார்த்துச் சுடமாட்டார், ஓடுகிற காலுக்கு நேராகவே பிடிப்பார். டமார்! கருகிய கம்பளித் துணுக்குகள் இடுப்பில் கட்டிய சாரத்தில் பட்டதும் மாமா ஐயோ அம்மா என்று துள்ளுவார். லயமே வாசலுக்கு வந்து சிரிக்கும். மாதா மாதம் இலவசமாக ஒரு கூத்து. அப்பா மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே வருவார். வாயில் ரத்தத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்த அத்தையை அந்த நேரத்தில் யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. மாமா தேயிலைக்குள் படுத்துத் தெளிந்து, விடிந்ததும் திரும்பி வருவார். அடுத்த சம்பளம் வரை எல்லாம் சரி.

ஆயுத பூசைக்கு முந்திய மாதச் சம்பளத்தன்று அத்தைக்கு வயிற்றில் ஆறு மாதம். கறியில் உப்பு இல்லை என்று மாமா அவளைக் கீழே தள்ளி வயிற்றிலேயே மிதித்தார். அப்பா வழக்கம்போல் வந்தார், வழக்கம்போல் வெடித்தார், மாமா வழக்கம்போல் ஓடினார், எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அத்தைக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது. ஆண் பிள்ளை என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். அதைத் தேயிலைக்கு நடுவில் புதைத்தார்கள், மாமாவே குழி வெட்டினார், விழுந்து புரண்டு அழுதார். அழுததைப் பார்த்துவிட்டு, பாவம் மனுசன், இனித் திருந்திடுவான் என்றது லயம்.

அத்தை அழவில்லை. எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். “அடுத்த சம்பளத்துக்கு நான் இருக்க மாட்டேன் அண்ணி. இந்தத் தடவ வயித்துல இருந்தது போச்சு. இனி மிதிச்சா போறதுக்கு நான்தான் இருக்கேன்.”

“அப்படியெல்லாம் பேசாத. ஒங்க அண்ணன் இருக்காருல்ல” என்றாள் அம்மா.

அந்த வருடம் சம்பளத்துக்கு மறுநாளே ஆயுத பூசை வந்தது. மாமா சம்பள நாளில் போனவர் அன்று வீடு திரும்பவில்லை, கடைப் பக்கமே படுத்துவிட்டார். காலையில் எங்கள் காம்பராவில் சாமி படத்துக்கு முன்னால் எல்லா ஆயுதங்களையும் கழுவி வைத்தோம். கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி, மண் கிளறுகிற முள்ளு, கொழுந்துக் கூடை. நடுவில் துவக்கு. அம்மா கடலை அவித்துக்கொண்டிருந்ததால் சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலையை அத்தை எடுத்துக்கொண்டாள். எந்த வருடமும் தோட்டா டின் பூசைக்கு வராது. அன்று அத்தை அதையும் இறக்கி, ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். ஒன்றை மட்டும் துவக்கின் கட்டைக்குப் பக்கத்தில் வாழையிலை மேல் வைத்தாள்.

அப்பா குளித்துவிட்டு வந்து பார்த்தார். “என்னா புள்ள இது, தோட்டாவுக்கெல்லாம் பொட்டு வச்சிருக்க?”

“அதுவும் ஆயுதந்தானே அண்ணே. அது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?”

அப்பா சிரித்தார். “சரி, நாளைக்கு எடுத்துத் தொடச்சுப் பிரிச்சு வச்சுக்கிறேன்.” பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். நம் வீடுகளில் எல்லாம் அதுதானே வழக்கம்.

சாயங்காலம் நாமெல்லாம் பொரிகடலை தின்றுகொண்டு வாசலில் இருந்தோம். நல்ல வெளிச்சம். மாமா வந்தார். வந்த வேகத்தில் அத்தையைப் பிடித்தார். பூசைக்குக் கட்டியிருந்த புதுச் சேலையைப் பார்த்து, எவன் வாங்கிக் கொடுத்தான் என்று கேட்டார். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. சுவரில் ரத்தம் தெரிந்தது. வயிற்றைப் பார்த்து மாமாவின் கால் ஓங்கியபோது அத்தை ஓடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. “அண்ணே!” என்று ஒரே குரல்தான் கூப்பிட்டாள்.

அப்பா உள்ளே ஓடினார். பூசை, வழக்கம் எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. துவக்கை எடுத்தார், பக்கத்தில் பொட்டோடு இருந்த தோட்டாவை எடுத்தார், போட்டார். எத்தனையோ மாதமாக அவர் கண் பழகியது பொட்டைத் தேடத்தான். வாசலுக்கு வந்து, “டேய் மச்சான்!” என்றார். மாமா முடியை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினார். ஆமாம், சிரித்துக்கொண்டுதான். சனமும் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா எப்போதும் போல நேராகப் பிடித்தார்.

சத்தம் அதே சத்தம். ஆனால் மாமா துள்ளவில்லை, மடங்கி விழுந்தார். வலது முழங்காலுக்குக் கீழே காலும் சாரமும் ஒன்றாகக் கூழாகிக் கிடந்தன. எலும்பு வெள்ளையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கான் தண்ணீர் சிவந்து நம் வாசல்களைத் தாண்டி ஓடியது. சிலர் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர் நடிக்கிறார் என்று நினைத்து. பிறகு அவர் போட்ட கூச்சல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அப்பா துவக்கைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “பொட்டு இருந்துச்சே! பொட்டப் பாத்துத்தானே போட்டேன்!”

தோட்டத்து லொறியில் மாமாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலை எடுத்துவிட்டார்கள். அப்பாவைப் பொலிஸ் கூட்டிப் போனது. மாமா கண் விழித்ததும் பார்க்கப் போனவர்களிடமெல்லாம், “மச்சான்தான் வேணுமின்னே சுட்டான். அவன உள்ள தள்ளாம வுடமாட்டேன்” என்று சொல்லியனுப்பினார். அப்பா உள்ளே போனால் வேலை போகும், வேலை போனால் காம்பரா போகும். அம்மா என்னையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ராவெல்லாம் விம்மினாள். லயத்தில் ஒரே பேச்சு, சாமிக்கென்று ஒரு கூறுகெட்ட பொம்பள பொட்டு வைக்கப் போய் அண்ணனுக்கே வினையாகிவிட்டது என்று.

பொலிஸ் வாக்குமூலம் எடுக்க வருகிற நாளில் அத்தை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். நெற்றியில் பெரிய கட்டு. கஞ்சிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கட்டிலில் மாமா சுண்டிப்போய்க் கிடந்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, கஞ்சியை ஊதி ஊதிக் கரண்டியால் கொடுத்தாள். நர்ஸ் அம்மா அதைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். அத்தை மெதுவாக, பிள்ளைக்குச் சோறூட்டுகிற குரலில் பேசினாள்.

“பொலிஸ்காரங்க வருவாங்க. துவக்க நீங்களா எடுத்தீங்க, தடுக்கி விழுந்தீங்க, வெடிச்சிருச்சு. அம்புட்டுத்தான்.”

“அவன்தான்டி சுட்டான்...”

“இன்னொரு காலு இருக்குல்ல. தோட்டாவும் டின்னு நெறைய இருக்கு. சத்தம் எது, குண்டு எதுன்னு பாத்துப் பாத்து, நான்தான் பொட்டு வச்சேன். துவக்குப் பக்கத்துல எடுத்து வச்சதும் நான்தான். குடிங்க, ஆறிடும்.”

மாமாவின் வாயோரம் கஞ்சி வழிந்தது. அவர் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பயத்தை நான் பன்றி கிழித்த அந்த நாயின் கண்ணில்தான் அதற்கு முன் பார்த்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பொலிஸ் ராலஹாமி வந்தார். சுட்ட காயம் எப்படிக் காலுக்குப் பின்னால் இருக்கிறது என்று கூடக் கேட்டார். தடுக்கி விழுந்தேன், துவக்கு பின்னால் கிடந்து வெடித்தது என்று மாமா சிங்களத்தில் சொல்லிக் கைநாட்டு வைத்தார்.

பார்த்திருந்த சனமும் அதையே சொன்னது, அப்பா வீடு வந்து சேர்ந்தார். காலை எடுத்தவனையே காட்டிக்கொடுக்காத உத்தமன் என்று மாமாவுக்குப் பெயர் வந்தது. தலைவர் மாலை போட்டதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், கைதட்டினீர்கள். அத்தை அவரிடம் அப்புறம் ஒரு அடி வாங்கவில்லை. இரண்டு பிள்ளைகள் பெற்றாள், அவர்களை மாமாதான் வாசலில் உட்கார்ந்து வளர்த்தார்.

பத்து வயதில் கேட்டது எனக்கு முழுதாகப் புரியவில்லை, பெரியவர்கள் ஏதோ மிரட்டிக்கொள்கிறார்கள் என்று இருந்துவிட்டேன். எனக்குக் கல்யாணமாகி, என் கன்னத்திலும் முதல் தடவையாகப் புருஷன் கை விழுந்த அன்று, அடுப்படியில் நின்றபோது எல்லாம் பளிச்சென்று புரிந்தது.

அப்பாவுக்குப் புரியவே இல்லை. துவக்கைத் தோட்டத்திடம் திருப்பிக் கொடுத்தார். சாகும்வரை மாமாவைக் கக்கூசுக்கு முதுகில் தூக்கிப் போனார், குளிக்க வைத்தார், எங்களுக்கு இல்லாவிட்டாலும் அவருக்கு முட்டை கொடுத்தார். ஆயுத பூசை வந்தால் சாப்பிட மாட்டார். “எங் கண்ணு அவிஞ்சு போச்சே, ஒரு மனுசன் வாழ்க்கையவே அழிச்சுப்புட்டேனே” என்று அழுவார். அந்த அழுகையைப் பார்த்துப் பார்த்தே நான் வளர்ந்தேன். அத்தையும்தான் பார்த்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பாவின் காரியம் முடிந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. அத்தையைத் தனியாகப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் பேசியதை நான் கேட்டேன் என்றேன். நீ செய்தது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை அத்தை, ஆனால் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதன் நிம்மதியாகச் செத்திருப்பாரே, என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அத்தை என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“எம்புள்ள வயித்துல செத்தன்னைக்கும் ஒங்கப்பா சத்தந்தான் வச்சாரு பாப்பா. வச்சிட்டு உள்ள போயி, சோத்தப் போடுன்னு ஒங்கம்மாகிட்டக் கேட்டாரு. லயத்துச் செவுரு கூரை வரைக்குமா இருக்கு? நான் கீழ கெடந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். அவனோட காலுக்கு அம்புட்டு வருசம் அழுதாரே ஒங்கப்பா, எம்புள்ளைக்கு ஒரு நா அழுதாரா?”